கேள்வி – பதில்: கிங்கின் பக்கத்தில் நின்ற அபர்நாதி

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நிறப் பிரிவினையை எதிர்த்துக் கறுப்பினத்தவர் 1955–56இல் நடத்திய மாண்ட்கமரி பேருந்துப் புறக்கணிப்பைப் பற்றிச் சென்ற இதழில் நாம் எழுதிய பதிலில், மார்ட்டின் லூதர் கிங்கின் தோழர் ரால்ஃப் டேவிட் அபர்நாதியின் பெயர் ஒரே ஒரு வரியில் வந்துபோனது. அந்த ஒரு வரி போதாது என்று குறைப்பட்டுக்கொண்ட கடிதங்களே இம்முறை மிகுதியாக வந்திருப்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் தருகிறோம்.

கேள்வி (திண்டுக்கல்): மார்ட்டின் லூதர் கிங்கின் புகைப்படங்கள் பலவற்றில் அவருக்குப் பக்கத்தில் உருண்டை முகத்துடன் ஒருவர் நிற்கிறார். அவர்தான் அபர்நாதியா? அவருடைய பிறப்பு வளர்ப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

பதில்: அவரேதான். ஊர்வலமானாலும், சிறைக்கு அழைத்துச் செல்லும் போலீஸ் வண்டியானாலும் கிங்குக்கு ஓர் அடி தள்ளி நிற்பார்.

அபர்நாதி 1926 மார்ச் 11 அன்று அலபாமா மாநிலத்தின் மரெங்கோ மாவட்டத்தில், லிண்டன் என்ற சிற்றூரை அடுத்த பண்ணை வீட்டில், 12 பிள்ளைகளில் 10ஆவதாகப் பிறந்தார். பாட்டனார் அடிமையாக வாழ்ந்தவர். பருத்தி விளையும் கரிசல் மண் நிறைந்த அந்த வட்டாரத்தில் கறுப்பினத்தவரில் பெரும்பாலோர் வெள்ளைப் பண்ணையாரின் நிலத்தை வாரத்துக்கு எடுத்துப் பயிரிட்டு, விதைக்கும் உணவுக்கும் அவரிடமே கடன்பட்டு, அறுவடை முடிந்ததும் கணக்கு நேராகிவிட்டது என்று கேட்டுக்கொண்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள். அபர்நாதியின் தந்தை வில்லியம் இந்த வரிசையில் சேரவில்லை. சிறுகச் சிறுக நிலம் வாங்கி ஏறத்தாழ 500 ஏக்கருக்குச் சொந்தக்காரரானார். தம் திருச்சபையில் டீக்கனாகவும் இருந்தார். அந்த மாவட்டத்தில் வாக்களித்த முதல் கறுப்பினத்தவர் அவரே என்றும், பெரு நடுவர் குழுவில் (வழக்குத் தொடுக்க ஆதாரம் போதுமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) முதன்முதலாக அமர்ந்த கறுப்பினத்தவரும் அவரே என்றும் சொல்வார்கள்.

வாக்களிப்பதில் என்ன அதிசயம் என்று இளம் வாசகர்கள் கேட்கக்கூடும். அலபாமாவின் 1901ஆம் ஆண்டு அரசியல் சட்டம் வாக்காளர் மீது ஆண்டுக்கு ஒன்றரை டாலர் தலைவரி விதித்தது. கட்டாமல் விட்ட ஆண்டுகளின் பாக்கியும் கூடிக்கொண்டே போய் 36 டாலர் வரை ஏறும். அதைக் கட்டிவிட்டு வந்தாலும் எழுத்தறிவுத் தேர்வு என்று ஒன்று காத்திருக்கும். தேர்ச்சியா இல்லையா என்று தீர்மானிக்கிறவர் வெள்ளைப் பதிவாளர். ஆகவே ஒரு கறுப்பு விவசாயி வாக்களித்தார் என்றால் அவருக்குக் கையில் பணமும், துரத்திவிட முடியாத சொந்த மண்ணும், கொஞ்சம் நெஞ்சுரமும் இருந்தன என்று பொருள். மகனை அறிய இந்தத் தந்தையை அறிவது அவசியம் என்பது என் எண்ணம். நிறப் பிரிவினையின் நடுவே வளர்ந்தபோதும் வெள்ளையரின் கூலியை நம்பி வாழாத வீட்டில் வளர்ந்த பிள்ளை அவர்.

ஒரு சிறு செய்தியையும் சேர்த்துக்கொள்கிறேன். வீட்டில் வைத்த பெயர் டேவிட் மட்டுமே. தமக்குப் பிடித்த ஆசிரியர் ஒருவரின் பெயரைக் கொண்டு அக்காள் விளையாட்டாக ‘ரால்ஃப்’ என்று கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது.

கேள்வி (வேலூர், ஓய்வுபெற்ற ராணுவத்தினர்): அபர்நாதி இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர் என்று எழுதியிருந்தீர்கள். அக்காலத்து அமெரிக்க ராணுவத்தில் கறுப்பினத்தவரின் நிலை என்ன? சீருடை அணிந்தவர்களுக்குமா பாகுபாடு இருந்தது?

பதில்: ஐயா, தாங்கள் கேட்டதால் இதைச் சற்று நீட்டிச் சொல்கிறேன். அந்தப் போரில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கறுப்பினத்தவர் அமெரிக்கப் படைகளில் பணியாற்றினார்கள். ஆனால் அவர்களுக்கென்று தனிப் படைப்பிரிவு, தனிக் குடியிருப்பு, தனி உணவுக்கூடம் என்று வைத்திருந்தார்கள். பெரும்பாலோரை மூட்டை சுமக்கவும், லாரி ஓட்டவும், சாலை போடவும்தான் அனுப்பினார்கள். மேலதிகாரிகள் அநேகமாக வெள்ளையர்கள். காயம்பட்டவருக்கு ஏற்றுவதற்காகச் சேகரித்த ரத்தத்தைக்கூட நன்கொடையாளரின் நிறம் பார்த்துத் தனித்தனிப் புட்டிகளில் வைத்தார்கள். ரத்தத்தில் அப்படியொரு வேறுபாடே கிடையாது என்று மருத்துவர்கள் சொல்லியும் செஞ்சிலுவைச் சங்கம் அந்த வழக்கத்தை 1950 வரை விடவில்லை. தென்மாநிலங்களில் போர்க் கைதிகளாகக் கொண்டுவரப்பட்ட ஜெர்மானியர்கள் உட்கார்ந்து சாப்பிட்ட உணவகங்களில், அவர்களுக்குக் காவல் நின்ற கறுப்புச் சிப்பாய்க்கு இடமில்லை.

இந்த ராணுவத்தில்தான் இளைஞர் அபர்நாதி சேர்ந்து, பிளட்டூன் சார்ஜெண்ட் நிலைக்கு உயர்ந்து, விடுவிப்புப் பெற்று வெளியே வந்தார். சார்ஜெண்டின் வேலை என்னவென்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேலிருந்து வரும் கட்டளைக்கும் கீழே களைத்துக் கிடக்கும் ஆட்களுக்கும் நடுவே நின்று, இன்றைய சாப்பாடு, நாளைய நடை, யாருக்குக் காய்ச்சல், யாருடைய காலணி கிழிந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும் பதவி அது. பின்னாளில் இயக்கத்தில் அவர் செய்ததும் ஏறக்குறைய அதே வேலைதான்.

போரிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1946 பிப்ரவரியில் ஐசக் உட்டார்ட் என்ற சார்ஜெண்ட், விடுவிப்புப் பெற்ற சில மணி நேரத்தில், சீருடையோடு பேருந்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது, தென் கரோலினாவில் போலீசார் அடித்த அடியில் இரு கண்களையும் இழந்தார். அடித்த போலீஸ் தலைவரை வெள்ளையர் மட்டுமே அடங்கிய நடுவர் குழு விடுவித்தது. இந்தச் செய்தி ஜனாதிபதி ட்ரூமனை உலுக்கியது. ராணுவத்தில் நிறப் பிரிவினையை ஒழிக்கும் ஆணையில் அவர் கையெழுத்திட்டது 1948 ஜூலை 26 அன்று.

போர்வீரர்களின் மறுவாழ்வுக்காக 1944இல் வந்த சட்டம் கல்விக்கும் வீட்டுக் கடனுக்கும் வழி செய்தது. சட்டத்தில் நிறம் என்ற சொல்லே இல்லை என்றாலும், கடன் தரும் வங்கிகளும் ஊர் அலுவலகங்களும் வெள்ளையர் கையில் இருந்தன. 1947இல் மிசிசிப்பி மாநிலத்தில் அச்சட்டத்தின் கீழ் உறுதியளிக்கப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தவை 2. அபர்நாதிக்குக் கல்வி உதவி கிடைத்தது. அதைக் கொண்டு மாண்ட்கமரியில் கறுப்பினத்தவருக்கென்று இருந்த அலபாமா அரசுக் கல்லூரியில் கணிதம் படித்து 1950இல் பட்டம் பெற்றார். மாணவர் தலைவராக இருந்தபோது, விடுதியில் வெந்நீர் இல்லை என்றும் சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்றும் அவர் நடத்திய போராட்டங்களே அவருடைய முதல் போராட்டங்கள். இரண்டிலும் வென்றார். இடையே 1948இல் பாப்டிஸ்ட் போதகராக அபிஷேகம் பெற்றார். பின்பு அட்லாண்டாவில் சமூகவியலில் முதுகலை முடித்தார்.

கேள்வி (நாகர்கோவில்): போதகரின் வேலை ஆராதனை நடத்துவதும் ஆத்துமாக்களைக் கவனிப்பதும்தானே? அமெரிக்கக் கறுப்பினத்தவரின் போராட்டத்துக்குத் தலைமை தாங்கியவர்களில் போதகர்கள் இத்தனை பேராக இருந்தது ஏன்?

பதில்: இக்கேள்வியை அந்தக் காலத்திலேயே பல போதகர்கள் கேட்டார்கள். தயங்கி நின்றவர்களும் உண்டு. ஆயினும் காரணம் எளிது: சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். கறுப்பினத்து ஆசிரியருக்குச் சம்பளம் மாநில அரசிடமிருந்து வந்தது. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு வெள்ளை எசமானி கொடுத்தார். போதகருக்கோ சபை மக்களின் காணிக்கைத் தட்டு. அவரை வேலையிலிருந்து நீக்க மேயராலும் முடியாது, ஆளுநராலும் முடியாது. அதோடு, அந்த நகரத்தில் ஆயிரம் பேர் கூடி உட்காரத்தக்க, கறுப்பினத்தவருக்கே சொந்தமான கட்டடம் என்றால் அது ஆலயம்தான்.

1952இல் அபர்நாதி போதகராகப் பொறுப்பேற்ற மாண்ட்கமரி முதல் பாப்டிஸ்ட் ஆலயம் இதற்கு நல்ல சான்று. அடிமைகளாக இருந்த காலத்தில் வெள்ளையரின் முதல் பாப்டிஸ்ட் ஆலயத்தில் ஒதுக்கப்பட்ட இடத்தில் அமர்ந்து வழிபட்டவர்கள், விடுதலைக்குப் பின் பிரிந்து வந்து தங்களுக்கென்று எழுப்பிய சபை அது. பெயரை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. முதல் கட்டடம் தீக்கிரையானபின், அன்றைய போதகர் சபையார் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு ஒரு செங்கல் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். வீட்டில் உலை வைக்கும்போது பிடியரிசி எடுத்து வைப்பது போல, வேலைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் கல்லாகக் கொண்டுவந்து சேர்த்ததில், 1910க்கும் 1915க்கும் இடையே அந்தப் பெரிய ஆலயம் எழுந்தது. ‘நாளொரு செங்கல் ஆலயம்’ என்றே ஊரார் அதைச் சொல்வார்கள். கற்களின் நிறம் ஒன்றுக்கொன்று சற்று வேறுபட்டிருக்கும்.

1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானார். கறுப்பினத்தவர் முன்வாசலில் ஏறிக் காசு கொடுத்துவிட்டு, இறங்கிப் போய்ப் பின்வாசலில் ஏற வேண்டும் என்பது அந்தப் பேருந்துகளின் வழக்கம். காசை வாங்கிக்கொண்டு, ஆள் பின்வாசலுக்குப் போய்ச் சேருமுன் வண்டியை எடுத்துவிடும் ஓட்டுநர்களும் இருந்தார்கள். மறுநாள் விடியற்காலை, ரயில்வே ஊழியரும் சங்கத் தலைவருமான ஈ. டி. நிக்சன் முதலில் தொலைபேசியில் எழுப்பியது அபர்நாதியைத்தான். கிங்குக்கு அதன் பிறகுதான் அழைப்பு போயிற்று. 5ஆம் தேதி உருவான அமைப்புக்கு ‘மாண்ட்கமரி முன்னேற்றச் சங்கம்’ என்று பெயர் சொன்னவர் அபர்நாதி. அன்றிரவு ஹோல்ட் தெரு ஆலயத்தில் கூடிய பெருந்திரளின் முன் தீர்மானத்தை வாசித்து, ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கும்படி கேட்டவரும் அவரே. உரை ஆற்றி உலகை அசைத்தவர் கிங் என்பதால், தீர்மானம் வாசித்தவரை வரலாறு அடிக்குறிப்பில் வைத்துவிட்டது.

புறக்கணிப்பு 381 நாட்கள் நடந்தது. ஏறத்தாழ 300 கார்களை வைத்து, எந்தத் தெருமுனையில் எத்தனை மணிக்கு யார் வண்டி நிற்கும் என்று அட்டவணை போட்டு, நகரத்தின் கறுப்பினத்தவரை வேலைக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்தார்கள். ஆலயங்களின் பெயரில் வாங்கிய பெரிய கார்களுக்கு ‘உருளும் ஆலயங்கள்’ என்று பெயர் வந்தது. நிறம் பார்த்து இருக்கை ஒதுக்குவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, ஆலயங்களில் நாற்காலிகளைப் பேருந்து போல வரிசையாகப் போட்டு, ஒருவர் ஓட்டுநராகவும் ஒருவர் முரட்டுப் பயணியாகவும் நடிக்க, வசை கேட்டும் கை ஓங்காமல் உட்கார்ந்திருக்கப் பயிற்சி கொடுத்தார்கள். 1956 டிசம்பர் 21 அன்று காலை கிங், நிக்சன் ஆகியோருடன் முதல் பேருந்தில் ஏறினார் அபர்நாதி.

கேள்வி (கோயம்புத்தூர்): அகிம்சையில் நின்றவர்களின் குடும்பங்கள் எவ்வாறு பாதுகாக்கப்பட்டன?

பதில்: பாதுகாக்கப்படவில்லை. 1957 ஜனவரி 10 அன்று, பொழுது விடியுமுன், மாண்ட்கமரியில் நான்கு ஆலயங்களிலும் இரு போதகர்களின் வீடுகளிலும் குண்டுகள் வெடித்தன. அவற்றில் ஒரு வீடு அபர்நாதியுடையது. ஓர் ஆலயம் அவருடைய நாளொரு செங்கல் ஆலயம். மற்றொரு வீடு, கறுப்பினத்தவரின் சபைக்குப் போதகராக இருந்த ராபர்ட் கிரேட்ஸ் என்ற வெள்ளையருடையது. அபர்நாதி அன்று ஊரில் இல்லை. தென்மாநிலக் கிறிஸ்தவத் தலைமை மாநாடு என்று பின்னாளில் பெயர் பெற்ற அமைப்பைத் தொடங்குவதற்காகக் கிங்குடன் அட்லாண்டாவுக்குப் போயிருந்தார். வீட்டில் மனைவி ஹுவனிட்டாவும் கைக்குழந்தையும் இருந்தார்கள். வீட்டின் முன்பக்கம் சிதைந்தது; இருவரும் உயிர் தப்பினார்கள். கணவருக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னவர் ஹுவனிட்டாவே. கைதானவர்களில் விசாரணைக்கு வந்த இருவரை, அவர்களே ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்திருந்தும், நடுவர் குழு விடுவித்தது.

அதே ஆலயத்தை 1961 மே 21 இரவு வன்முறைக் கும்பல் முற்றுகையிட்டது. பேருந்துகளில் நிறப் பிரிவினையை மீறிப் பயணம் செய்து, முந்தைய நாள் பேருந்து நிலையத்தில் அடிபட்ட ‘சுதந்திரப் பயணிகளை’ வாழ்த்துவதற்காக ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உள்ளே கூடியிருந்தார்கள். அந்தப் பயணிகளைப் போலீஸ் தேடியதால், அவர்களைப் பாடகர் குழுவின் அங்கிகளை அணிவித்துக் குழுவினருக்கு நடுவே உட்கார வைத்திருந்தார்கள். தலையில் கட்டோடு ஒரு ‘பாடகர்’ ஜான் லூயிஸ்; பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரானவர். வெளியே ஒரு கார் எரிந்தது. வண்ணக் கண்ணாடிச் சன்னல்களை உடைத்துக்கொண்டு கற்கள் விழுந்தன. கூட்டத்தைக் கலைக்க மத்திய அரசின் காவலர்கள் வீசிய கண்ணீர்ப் புகை ஆலயத்துக்குள்ளும் வந்தது. கிங் ஆலயத்திலிருந்தே அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடியுடன் தொலைபேசியில் வாதாடிக்கொண்டிருக்க, ஆளுநர் வேறு வழியின்றி ராணுவச் சட்டம் அறிவித்தார். உள்ளிருந்தவர்கள் வீடு திரும்பும்போது விடியும் நேரம். இரவு முழுவதும் பாட்டு நிற்கவில்லை.

கேள்வி (சென்னை, சட்டக் கல்லூரி மாணவி): பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய ‘நியூயார்க் டைம்ஸ் எதிர் சல்லிவன்’ வழக்கைப் படிக்கும்போது பிரதிவாதிகளில் அபர்நாதியின் பெயரைக் கண்டேன். ஒரு போதகர் அந்த வழக்கில் எப்படிச் சிக்கினார்?

பதில்: பாடப் புத்தகங்கள் பத்திரிகையோடு நின்றுவிடுவதால் இதை நீங்கள் கவனித்ததே மகிழ்ச்சி. கிங்கின் வழக்குச் செலவுக்காக 1960 மார்ச் 29 அன்று அந்தப் பத்திரிகையில் முழுப் பக்க விளம்பரம் ஒன்று வெளிவந்தது. அதில் சில தகவல் பிழைகள் இருந்தன. மாணவர்கள் பாடியது தேசிய கீதம். விளம்பரமோ வேறொரு பாட்டைச் சொல்லிற்று. கிங் நான்கு முறை கைதாகியிருக்க, ஏழு முறை என்று அச்சிட்டுவிட்டார்கள். மாண்ட்கமரி நகர ஆணையர் சல்லிவன், தம் பெயர் எங்கும் இல்லாதபோதும், அவதூறு என்று வழக்குத் தொடுத்தார். விளம்பரத்தின் அடியில் ஆதரவாளர்களாக அபர்நாதி, ஷட்டில்ஸ்வொர்த், லோவரி, சீ ஆகிய நான்கு அலபாமா போதகர்களின் பெயர்கள் இருந்தன. அவர்களிடம் யாரும் முன்கூட்டி அனுமதி கேட்டிருக்கவில்லை. ஆயினும் அவர்களும் பிரதிவாதிகள் ஆக்கப்பட்டார்கள். உள்ளூர்ப் பிரதிவாதிகள் இருந்தால் வழக்கு மத்திய நீதிமன்றத்துக்கு நழுவாமல் அலபாமாவிலேயே நிற்கும் என்பது கணக்கு.

நடுவர் குழு 5 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கும்போதே போதகர்களின் கார்களைப் பறிமுதல் செய்தார்கள். மரெங்கோ மாவட்டத்தில் அபர்நாதிக்கு வாரிசு முறையில் வந்த நிலப் பங்கும் பறிபோனது. தந்தையின் அந்த 500 ஏக்கரைப் பற்றி மேலே சொன்னது இதற்காகவும்தான். வெள்ளையரை நம்பி வாழாமல் இருக்க உதவிய மண்ணையே நீதிமன்ற ஆணை தொட்டுவிட்டது. 1964 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பை ரத்து செய்தது. பொது அதிகாரியைப் பற்றிய செய்தியில் பிழை இருந்தாலும், அது பொய் என்று தெரிந்தோ, பொய்யா மெய்யா என்று பொருட்படுத்தாமலோ வெளியிடப்பட்டது என்று நிரூபித்தால் மட்டுமே இழப்பீடு கேட்கலாம் என்ற விதி அப்போது பிறந்தது. தேர்வில் எழுதும்போது நான்கு போதகர்களையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): கிங் கொலையுண்ட பின் அபர்நாதி தலைமை ஏற்றார். ஆனால் இயக்கம் தேய்ந்துவிட்டது. அவருக்குத் தலைமைக்கான தகுதி போதவில்லை என்பது சரியா?

பதில்: பாதி சரி என்பேன். முதலில் அந்த இரண்டு நாட்களைப் பாருங்கள். 1968 ஏப்ரல் 3 இரவு, மெம்ஃபிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை ஆதரித்து மேசன் ஆலயத்தில் கூட்டம். புயல் மழை கொட்டியது. களைத்திருந்த கிங், தமக்குப் பதிலாகப் பேசும்படி அபர்நாதியை அனுப்பிவிட்டு விடுதியிலேயே தங்கிவிட்டார். ஆலயத்துக்குள் நுழைந்த அபர்நாதி, மக்களின் கண்கள் தம்மைத் தாண்டி வாசலைப் பார்ப்பதைக் கண்டார். அவர்கள் தேடுவது தம்மை அல்ல என்று புரிந்துகொண்டு, தொலைபேசியில் கிங்கைக் கூப்பிட்டு வரவழைத்தார். மேடை தமக்குக் கிடைத்த இரவில் அதை இன்னொருவருக்குக் கொடுக்க எல்லாராலும் முடியாது. அன்று கிங் ஆற்றியதே அவருடைய கடைசி உரை. மறுநாள் மாலை லொரேன் விடுதியின் 306ஆம் எண் அறையிலிருந்து கிங் முன்னால் வெளியே வந்து மாடி நடையில் நின்றார். அதே அறையில் தங்கியிருந்த அபர்நாதி, முகத்துக்கு வாசனைத் தைலம் தடவிக்கொள்ள ஒரு நிமிடம் பின்தங்கினார். வெடிச் சத்தம் கேட்டு ஓடி வந்து நண்பரைத் தாங்கிப் பிடித்தவர் அவர்தான்.

கிங் திட்டமிட்டு வைத்திருந்த ஏழை மக்கள் இயக்கத்தை அவர் கைவிடவில்லை. மே மாதம் வாஷிங்டனின் நடுவே, லிங்கன் நினைவகத்தை ஒட்டிய புல்வெளியில், ஒட்டுப்பலகைக் குடிசைகளால் ‘உயிர்த்தெழுதல் நகரம்’ எழுந்தது. சுமார் 3,000 பேர் அங்கே தங்கினார்கள். மழை விடாமல் பெய்ததில் புல்வெளி சேறாயிற்று. குடிசைகளுக்கு நடுவே பலகை போட்டு நடக்க வேண்டியிருந்தது. தலைவர்களுக்குள் பூசல், இளைஞர்களிடம் ஒழுங்கின்மை. மக்கள் சேற்றில் கிடக்க, அபர்நாதி விடுதியில் தங்குகிறார் என்ற குறை அவர்மீது நியாயமாகவே விழுந்தது. ஒரு சார்ஜெண்ட் அப்படிச் செய்திருக்கக் கூடாது. ஜூன் 24 அன்று போலீஸ் அந்த இடத்தைக் காலி செய்தது. அபர்நாதிக்கு 20 நாள் சிறை. மிக வறிய மாவட்டங்களுக்கு உணவுப் பொருள் வழங்கலை விரிவாக்க அரசு ஒப்புக்கொண்டது கைக்கு வந்த சிறு பலன்.

ஆனால் கிங் உயிரோடு இருந்திருந்தால் மட்டும் என்ன நடந்திருக்கும்? ‘வெள்ளையர் மட்டும்’ என்ற பலகையைக் கழற்ற அரசுக்குப் பணம் செலவில்லை. வறுமையை ஒழிக்கப் பணம் வேண்டும். அந்தப் பணம் வியட்நாமில் எரிந்துகொண்டிருந்தது. நன்கொடைகள் குறைந்தன, இளைஞர்கள் வேறு முழக்கங்களைத் தேடிப் போனார்கள். அந்தச் சரிவைத் தாங்க அபர்நாதியால் முடியவில்லை என்பது உண்மை. சரிவுக்கு அவரே காரணம் என்பது அநியாயம். மறு ஆண்டே, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் கறுப்பினத்து மருத்துவமனை ஊழியப் பெண்கள் நடத்திய வேலைநிறுத்தத்துக்காக மீண்டும் சிறை சென்றார்.

கேள்வி (திருநெல்வேலி): நிலவுப் பயணத்தை அவர் எதிர்த்தாராமே?

பதில்: பயணத்தை எதிர்க்கவில்லை, முன்னுரிமையைக் கேள்வி கேட்டார். 1969 ஜூலை 15 அன்று, அப்போலோ 11 புறப்படுவதற்கு முந்தைய நாள், ஏழைக் குடும்பங்களோடும் கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டிகளோடும் ஏவுதளத்தின் வாசலுக்குப் போனார். நாசாவின் தலைவர் தாமஸ் பெய்ன் திறந்தவெளிக்கு வந்து அவரைச் சந்தித்தார். பொத்தானை அழுத்தாமல் விட்டால் வறுமை தீரும் என்றால் நாளை அழுத்த மாட்டோம் என்று பெய்ன் சொல்ல, அபர்நாதி விண்வெளி வீரர்களின் நலத்துக்காக ஜெபம் செய்தார். வந்திருந்த குடும்பங்களில் சிலருக்கு ராக்கெட் புறப்படுவதைப் பார்க்க நுழைவுச் சீட்டும் கிடைத்தது. இரு தரப்பும் ஒருவரையொருவர் மரியாதையோடு நடத்திய இப்படியொரு போராட்டம் எங்கும் அரிது.

கேள்வி (ஈரோடு): 1989இல் வந்த தன்வரலாற்றில் கிங்கின் அந்தரங்கத்தை எழுதி நண்பருக்குத் துரோகம் செய்தார் என்கிறார்களே?

பதில்: 600 பக்கங்களைத் தாண்டிய அந்த நூலில் கிங்கின் திருமணத்துக்கு வெளியேயான உறவுகளைப் பற்றியவை சில பக்கங்களே. ஏற்கெனவே பிற வரலாற்றாசிரியர்கள் எழுதியவையும்கூட. ஆனால் அவர்கள் ஆவணம் பார்த்து எழுதினார்கள். இவர் அறைத் தோழர். மெம்ஃபிஸின் கடைசி இரவைப் பற்றி அவர் எழுதியதை இயக்கத் தோழர்கள் பலர் மறுத்தார்கள், கண்டித்தார்கள். அவர் எழுதாமல் இருந்திருக்கலாம் என்றே நினைக்கிறேன்; அந்தப் பக்கங்களால் எவருக்கும் ஒரு புதிய உண்மை கிடைக்கவில்லை. அதற்கு முன்பே 1980இல் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் ரீகனை ஆதரித்துப் பலரை மனம் கசக்க வைத்திருந்தார். வேலைவாய்ப்பு வரும் என்று நம்பிச் செய்த அந்த ஆதரவைப் பின்னர் விலக்கிக்கொண்டார். 1977இல் தென்மாநிலக் கிறிஸ்தவத் தலைமை மாநாட்டின் தலைமையிலிருந்து விலகி நாடாளுமன்றத் தேர்தலிலும் தோற்றிருந்த ஒருவரின் தனிமையை இவ்விரண்டிலும் காண்கிறேன். அதனால் இரண்டும் சரியாகிவிடாது. நூல் வெளிவந்த மறு ஆண்டு, 1990 ஏப்ரல் 17 அன்று காலமானார். அவருடைய விருப்பப்படி கல்லறையில் பொறித்த வாசகம் இரண்டே ஆங்கிலச் சொற்கள். தமிழில் ‘முயன்றேன்’ என்று ஒரு சொல்லில் அடங்கும்.

கேள்வி (திருச்சி): அவர் நினைவாக இன்று என்ன இருக்கிறது? அமெரிக்காவில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகும்போது காண விரும்புகிறேன்.

பதில்: மாண்ட்கமரியில் நாளொரு செங்கல் ஆலயம் நிற்கிறது, அதைத் தவற விடாதீர்கள். அட்லாண்டாவின் குறுக்கே செல்லும் பெரிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதிக்கு அபர்நாதியின் பெயர். அந்நகரில் 1961 முதல் இறக்கும்வரை அவர் போதகராக இருந்தது மேற்கு ஹன்டர் தெரு பாப்டிஸ்ட் ஆலயம். அங்கே போவதானால் ஒரு குழப்பம் உண்டு, முன்னமே சொல்லிவிடுகிறேன். ஹன்டர் தெருவுக்குப் பிற்பாடு மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரை வைத்துவிட்டார்கள். சபையோ 1970களில் கோர்டன் தெருவுக்கு இடம் மாறியது. கோர்டன் தெருவுக்கு இப்போது ரால்ஃப் டேவிட் அபர்நாதியின் பெயர். ஆலயத்தின் பெயர் மட்டும் இன்றும் மேற்கு ஹன்டர் தெரு ஆலயம்தான். டாக்சிக்காரரிடம் அபர்நாதி தெரு என்று சொல்லுங்கள்.